கடைசியா ஆர்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். ஈஸ்ட்ஹாமில் எங்கள் டொக்டரிடம் இலக்கத் துண்டு கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. வருகிறவர் அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்து, தனக்கு முன்னால் வந்த கடைசி ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் எழும்பி உள்ளே போனால் அடுத்தது நாங்கள். ஆங்கிலக் கிழவிகள் இந்தக் கணக்கை வாய் திறக்காமல் கண்ணாலேயே முடித்துவிடுவார்கள். அம்மாவுக்கு அது சரிவராது. வாசலில் நின்றபடியே தமிழில் கேட்பார்: "கடைசியா ஆர் வந்தது?" ஒரு சொல்லும் விளங்காமலேயே யாராவது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கையைத் தூக்குவார். அந்த அறைக்குள் நுழைகிற எவரும் வேறு எதைத்தான் கேட்கப்போகிறார்கள்?

1980-களின் கடைசியில் நாங்கள் லண்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சேர்ஜரி என்று இங்கே சொல்கிற டொக்டரின் வைத்தியசாலை அப்போது ஒரு வீடு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. முன்னறைதான் நோயாளர் இருக்கும் இடம். ஒரே மாதிரியான கதிரைகள் இரண்டைக்கூட அங்கே காண முடியாது. கணப்படுப்பு இருந்த இடத்தில் ஒரு காஸ் ஹீட்டர். அதற்குப் பக்கத்துக் கதிரைக்குத்தான் குளிர்காலத்தில் போட்டி. மூலையில் அட்டை கிழிந்த ரீடர்ஸ் டைஜஸ்ட், பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புதிர்கள். சுவரைச் சதுரமாக வெட்டி ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் டொக்டரின் மனைவி இருப்பார். ரிசெப்ஷன், தொலைபேசி, கணக்கு, கோபக்காரரைச் சமாளிப்பது எல்லாம் அவர்தான். உள்ளறையிலிருந்து மணி 'கிர்ர்' என்று அடித்தால் அடுத்த ஆள் எழும்பவேண்டும். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை வந்திருந்தால் போதும், எத்தனை பேரானாலும் பார்த்துவிட்டுத்தான் டொக்டர் எழும்புவார். முன்கூட்டியே போன் பண்ணி நேரம் எடுக்கும் ஏற்பாடு பின்னேரத்துக்கு மட்டும்.

வந்த புதிதில் எங்கள் கையில் ஒரு மெடிக்கல் கார்ட் தந்தார்கள். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். அதில் எங்கள் பெயர், விலாசம், ஓர் இலக்கம். இவற்றோடு டொக்டரின் பெயரும் தட்டச்சில் இருந்தது. சேர்ஜரியின் பெயரோ கட்டடத்தின் பெயரோ இல்லை, ஒரு மனிதரின் பெயர். சட்டப்படியே நாங்கள் அவருடைய நோயாளர்கள். அம்மா அந்தக் கார்டைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பட்டி போட்டு வைத்திருந்தார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒபிஸ் இன்னும் முடிவு சொல்லாத காலம் அது. இந்த நாட்டில் எங்களைத் தன் ஆட்கள் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரும் வந்தேறிதான். பட்னாவில் படித்து, 1960-களில் கப்பலில் வந்து, சத்திர சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்தப் பதவிகள் அவரைப் போன்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. இது அவர் ஒருவருடைய கதை மட்டும் அல்ல. 1948 ஜூலை 5-ஆம் திகதி தொடங்கிய அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். எல்லோருக்கும் பொது வைத்தியரைத் தருவதாகச் சொன்னது. ஆனால் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலும், ஆலைப் பட்டினங்களிலும், கிழக்கு லண்டன் போன்ற ஏழைப் பகுதிகளிலும் வேலை செய்ய உள்ளூர் டொக்டர்கள் முண்டியடிக்கவில்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இலங்கையிலும் படித்து வந்தவர்கள், பெரிய ஆஸ்பத்திரிகளில் மேலே ஏற வழி அடைபட்டு, அந்த இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேல்ஸின் கிளின்கோரூக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஊரார் எல்லோருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்து எழுதிவைத்த ஜூலியன் ரியூடர் ஹார்ட், 1971-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். எங்கள் தெரு அந்தக் கட்டுரைக்கு நல்ல உதாரணமாக இருந்திருக்கும், பட்னாக்காரர் வந்து கெடுத்திராவிட்டால்.

முதல் நாள் அம்மா அவரிடம் போனது கையில் ஒரு போத்தலோடு. ஹோர்லிக்ஸ் போத்தல், கொதிநீர் விட்டுக் கழுவி, வெயில் இல்லாத நாட்டில் ஹீட்டருக்கு மேலே கவிழ்த்துக் காயவைத்தது. ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். அப்போதிக்கரி துண்டு எழுதித் தர, மருந்து கலப்பவர் பெரிய சாடியிலிருந்து செம்மஞ்சள் நிற மிக்ஸ்சரை எங்கள் போத்தலுக்குள் ஊற்றுவார். போத்தல் கொண்டு போகாதவருக்கு மருந்தும் இல்லை, ஏச்சு வேறு. அம்மா மேசையில் போத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லு பிள்ளை, இருமல் மருந்து ஊத்தித் தரச் சொல்லி." நான் சொல்லத் தேவைப்படவில்லை. டொக்டர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பட்னாவில் தன்னுடைய தாயாரும் இப்படித்தான் போத்தலோடு போவார் என்று எனக்குச் சொன்னார். பிறகு பச்சைத் தாளில் மருந்து எழுதித் தந்து, இதை மூலையில் இருக்கிற மருந்துக்கடையில் கொடுத்தால் போத்தலும் அவர்களே தருவார்கள் என்றார். அம்மாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை வரவில்லை. அடுத்த தடவையும் போத்தல் கைப்பைக்குள் இருந்தது.

எங்கள் பெயர்கள் அந்த வீட்டுக்குப் பெரிய தலையிடி. ஒவ்வொரு நோயாளருக்கும் ஒரு மங்கல் நிறத் தடித்த கடித உறை இருக்கும். லாய்ட் ஜார்ஜ் உறை என்று அதற்குப் பெயர். 1911-இல் லாய்ட் ஜார்ஜ் என்ற அமைச்சர் கொண்டுவந்த காப்புறுதிச் சட்டத்தின் காலத்து மிச்சம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் கோடு போட்ட அட்டைகளும், மூன்றாக மடித்த ஆஸ்பத்திரிக் கடிதங்களும், ஒரு மனிதரின் முழு வருத்தங்களும் அடங்கியாக வேண்டும். உறைகளைக் குடும்பப் பெயர் வரிசையில் அடுக்குவார்கள். அப்பாவுக்கு அவருடைய தகப்பன் பெயர் கடைசிப் பெயர். அம்மாவுக்கு அப்பாவின் பெயர். எனக்கும் தம்பிக்கும் அப்பாவின் பெயர். அப்பம்மாவுக்கு எப்போதோ செத்துப்போன தாத்தாவின் பெயர். ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம் இரண்டு இறாக்கைகளில் கிடந்தது. டொக்டரின் மனைவி சில மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் எங்கள் உறைகள் ஐந்தையும் எடுத்து, அகலமான ரப்பர் பட்டி ஒன்றைப் போட்டு, மேலே தெருப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதித் தனித்தட்டில் வைத்தார். கொஞ்ச நாளில் அந்தத் தட்டு நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்டன. இறாக்கை விதியை ஒரு மனிசி தன்பாட்டில் மாற்றிய இந்தக் காரியத்துக்கு இன்றைக்கு எத்தனை கூட்டம் கூட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பழசு என்பதற்காக எல்லாவற்றையும் நல்லது என்று எழுத எனக்கு மனமில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்து, மற்றவர்களின் தடிமனையும் வாங்கிக்கொண்டு, உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் வெளியே வருவோம். தொண்டை நோ என்றால் அன்ரிபயோட்டிக், காது குத்து என்றாலும் அதுவேதான். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்த நாளில் அவர் சொன்ன வைத்தியம், "இனிப்பைக் குறை" என்பதோடு ஒரு குளிசை. கண்ணைப் பார்க்க அனுப்பவில்லை, காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. பெண் டொக்டர் இல்லை. அம்மாவின் வயதுப் பெண்கள் பலர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பி வந்தார்கள். சொன்னாலும் அதை இங்கிலீஷில் சொல்லியாக வேண்டியது பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். பக்கத்து வீட்டு அன்ரியின் மாதவிடாய்க் கதையை டொக்டருக்குச் சொன்ன அந்த வீட்டு மகன் இப்போது கணக்காளராக இருக்கிறான். அந்த மத்தியானத்தைப் பற்றி அவனோடு பேசவே முடியாது.

ஆனாலும் அந்த முன்னறையில் நடந்தவை மருந்து எடுப்பது மட்டும் அல்ல. யாருக்கு விசா கிடைத்தது, எந்தப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்கு ஆள் தேவை, மனோர்பார்க்கில் எந்த வீட்டில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது, இவ்வளவும் காஸ் ஹீட்டரைச் சுற்றித்தான் கைமாறின. ஒரு கிழவி ஒரு கிழமை வராவிட்டால் மற்றவள் டொக்டரின் மனைவியிடம் விசாரிப்பாள். அவர் போன் போடுவார். யாருடைய இருமல் மோசமாகிறது, எந்தப் பிள்ளையின் முகம் வாடிக்கிடக்கிறது என்று அறையே பார்த்துக்கொண்டிருக்கும். "நீ முதலில போ மனே" என்று தன் முறையை விட்டுக் கொடுப்பார்கள். அவசரம் எது, ஆறுதலாய்ப் பார்க்கக் கூடியது எது என்று தரம் பிரிக்கும் வேலையை இப்போது ஒரு மென்பொருள் செய்கிறது. அப்போது அதைச் செய்தது அடுத்த கதிரையில் இருந்த மனிதர்.

எங்கள் வீட்டு மேலறையில் ஓர் அண்ணா வாடகைக்கு இருந்தார். வல்வெட்டித்துறைப் பக்கம். ஒரு மாதமாக இருமல் விடவில்லை. கிழக்கு லண்டனில் அப்போது காசநோய் கொஞ்சம் பரவலாக இருந்தபடியால் அம்மா பயந்து, என்னை மொழிபெயர்க்கக் கூட்டி அனுப்பினார். டொக்டர் சேட்டைத் தூக்கச் சொல்லி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் முதுகு எனக்குத் தெரியவில்லை. டொக்டரின் முகம் தெரிந்தது. குழாயை நகர்த்திக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு அந்த இடத்தைத் தாண்டி வேறிடத்தில் வைத்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். எக்ஸ்ரேக்கு எழுதினார். "ஒன்றும் இருக்காது. ஆனாலும் அடுத்த கிழமை வரச் சொல்" என்றார்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருமலும் தானாக நின்றுவிட்டது. ஆனாலும் அடுத்த கிழமையும், அதற்கடுத்த கிழமையும் வரச் சொன்னார். போனால் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்ப்பார், நித்திரை எப்படி என்று கேட்பார், சாப்பாடு எப்படி என்று கேட்பார், அனுப்பிவிடுவார். அண்ணாவுக்கு ஒரே எரிச்சல். "இருமல் இல்லாதவனை எதுக்கு இந்த மனுசன் கூப்பிடுறார்?" அப்புறம் ஒரு நாள் நாங்கள் போனபோது, உள்ளே மூலைக் கடை மருந்தாளர் உட்கார்ந்திருந்தார். அவரும் எங்கள் ஆள், கொக்குவில். டொக்டர் என்னைப் பார்த்து, "நீ வெளியில் இரு, இன்றைக்கு உனக்கு வேலை இல்லை" என்றார். மணி அடிக்காமல் நெடுநேரம் போனது. முன்னறையில் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அண்ணா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

என்ன பேசினார்கள் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். இலங்கையில் பூசா தடுப்பு முகாமில் அவருக்கு என்ன நடந்தது என்பதை அவர் அதுவரை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை, அவருடைய வழக்கறிஞருக்குக்கூட. டொக்டர் கைப்பட எழுதிய கடிதத்தோடு அவரைச் சித்திரவதைக்கு ஆளானோருக்கான மெடிக்கல் ஃபவுண்டேஷனுக்கு அனுப்பினார். ஹெலன் பாம்பர் 1985-இல் தொடங்கிய அமைப்பு அது. தழும்புகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள். அண்ணாவின் அகதி வழக்கு அந்த அறிக்கையின் பலத்தில்தான் நின்றது. நோயாளரின் சம்மதத்தை முன்கூட்டிக் கேட்காமல் மூலைக் கடை மருந்தாளரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைத்தது இன்றைய விதிப்படி பெரிய பிழை; டொக்டருக்கு விசாரணைகூட வரலாம். விதி சரியானதுதான். ஆனால் முதல் நாள் கண்டதைக் கண்டும் கேட்காமல் விட்டுவிட்டு, இல்லாத இருமலைச் சாட்டாக வைத்து நாலு தரம் கூப்பிட்டுப் பழக்கிய அந்தப் பொறுமைக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. வருகிறவன் அடுத்த கிழமையும் தன்னிடம்தான் வருவான் என்று தெரிந்த வைத்தியருக்கு மட்டும்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் போகவில்லை. 2000 ஜனவரியில் ஹரல்ட் ஷிப்மன் என்ற டொக்டருக்குத் தன்னுடைய நோயாளர்களான 15 பெண்களைக் கொன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஹைட் என்ற ஊரில் தனியாக சேர்ஜரி நடத்தியவர். வீடு தேடி வந்து பார்க்கிற தங்கமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். பின்னர் விசாரணைக் குழு கணக்கிட்டபோது கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று சொன்னது. அதன் பிறகு தனி ஆளாக இருக்கிற டொக்டரை அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும். தெரிந்த டொக்டர், வீட்டுக்கு வருகிற டொக்டர் என்று நான் இவ்வளவு நேரம் உருகி எழுதுகிற எல்லாம் ஷிப்மனிடமும் இருந்தது. அந்த நாட்களில் எங்கள் பட்னாக்காரரின் மனைவி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "இப்போது இவர் ஊசி எடுத்தால் கிழவிகள் பகிடி விடுகிறார்கள்." பகிடி என்றுதான் சொன்னார். முகத்தில் சிரிப்பு இல்லை.

2004 ஏப்ரலில் பொது வைத்தியர்களுக்குப் புது ஒப்பந்தம் வந்தது. இரவு, சனி, ஞாயிறுப் பொறுப்பை அவர்கள் கைகழுவி விடலாம் என்றது. அதுவரை சட்டப்படி அந்தப் பொறுப்பு அவர்களுடையது. அப்பம்மாவுக்கு நெஞ்சு அடைத்த ஒரு மார்கழி இரவில், பிஜாமாவுக்கு மேலே ஓவர்கோட் போட்டுக்கொண்டு அவர் எங்கள் படியேறி வந்தது நினைவிருக்கிறது. வெடவெடக்கும் குளிரில் காரின் கண்ணாடிப் பனியைச் சுரண்ட நேரமில்லாமல், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி ஓட்டி வந்தாராம். ஐம்பத்தெட்டு வயது மனிதரிடம் அதை எத்தனை காலத்துக்கு எதிர்பார்க்கலாம் என்றும் கேட்கவேண்டும். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அதன் பிறகு நோயாளர் பதிவது ஒரு டொக்டரிடம் அல்ல, ஒரு சேர்ஜரியிடம். அம்மாவின் ரப்பர் பட்டிக்குள் இருந்த கார்டில் அச்சிட்டிருந்த மனிதர் அன்றோடு காகிதத்திலிருந்து போனார். ஓய்வு பெற்று நேரிலும் போனது அதற்குச் சில வருடம் கழித்து.

நியாயமாகச் சொன்னால், புதிதாக வந்ததில் நல்லதும் உண்டு. அப்பாவின் சீனி வருத்தத்துக்கு வருடத்துக்கொரு முறை ரத்தம், சிறுநீர், கால் நரம்பு எல்லாம் பார்த்தார்கள். கண் படம் எடுக்க அழைப்பு வந்தது. அதே ஒப்பந்தம்தான் இப்படிப் பார்த்து எழுதுவதற்குச் சேர்ஜரிகளுக்குக் காசு கொடுக்கத் தொடங்கியிருந்தது. அப்பாவின் கால் தப்பியது ஒரு நேர்ஸ் வழுவழுப்பான நைலோன் நூல் ஒன்றைப் பாதத்தில் குத்திக் குத்திக் கேட்டதால். பட்னாக்காரரிடம் அந்த நூல் இருக்கவில்லை. பெண் டொக்டர்கள் வந்தார்கள். போனில் மொழிபெயர்ப்பாளர் வந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

புதுக் கட்டடம் மூன்று மாடி. கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். வாசலில் ஒரு தொடுதிரை. வந்துவிட்டோம் என்பதை அதனிடம்தான் சொல்லவேண்டும். பிறந்த திகதி, மாதம், ஆணா பெண்ணா. மொழி வேண்டுமானால் திரையின் அடியில் கொடிகள் வரிசையாக இருக்கும். எங்கள் இடத்தில் தமிழ் இருந்தது வாளேந்திய சிங்கக் கொடிக்குள். எந்தக் கொடியைக் கண்டு ஓடி வந்தாரோ அந்தக் கொடியில் விரலை வைத்தால்தான் அம்மாவுக்கு டொக்டர் கிடைப்பார். அம்மா யூனியன் ஜாக்கைத் தொட்டுவிட்டு, இங்கிலீஷ் தெரியாமல் தட்டுத்தடுமாறி வருகையைப் பதிவார். கதிரைகள் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே திசையைப் பார்த்து, நிலத்தோடு இறுக்கப்பட்டிருந்தன. பெயர் ஒரு பலகையில் எழுத்தாக ஓடும். யாரும் யாரையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டொக்டரைப் பார்க்க நேரம் கிடைத்தால்தானே அந்தக் கதிரையில் இருப்பதற்கு. 2000-களில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் டொக்டரைக் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. இலக்கைத் தப்பாமல் அடிக்கச் சேர்ஜரிகள் கண்ட வழி, அடுத்த கிழமைக்கு யாருக்கும் நேரம் கொடுக்காமல் விடுவது. 2005 தேர்தல் நேரத்தில் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு தாய் இதை எழும்பிச் சொன்னபோது ரோனி பிளேயரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிரதமருக்கு அது புதுச் செய்தி. சபையில் இருந்தவர்களுக்கு அது தினசரிப் பாடு.

அப்படித்தான் காலை எட்டு மணிப் போர் தொடங்கியது. எட்டு அடிக்க ஒரு செக்கன் முன்னம் அழைத்தால் பூட்டியிருக்கிறோம் என்று குரல் வரும். ஒரு செக்கன் பிந்தினால் இருபதுக்கு மேல் ஆட்கள் முன்னால். நோயாளர்களைக் கேட்டு எடுக்கும் வருடாந்தக் கணக்கெடுப்பில், போனில் இலகுவாகக் கிடைக்கிறது என்று 2012-இல் சொன்னவர்கள் சுமார் 80 சதவீதம். 2023-இல் ஏறக்குறைய பாதிப்பேர். இடையில் 2020 மார்ச்சில் கொரோனா வந்து கதவையே பூட்டியது. அப்போது அது உயிர் காத்த காரியம். பூட்டைத் திறந்த பிறகும் பழக்கம் மட்டும் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது: முதலில் போனில் சொல், அல்லது படிவம் நிரப்பு, பிறகு பார்ப்போம். 2025 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்துச் சேர்ஜரிகள் எல்லாம் காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை ஒன்லைன் படிவத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அது வசதி. வேலைக்கு நடுவில் நிரப்பி அனுப்பிவிடுவேன். அம்மாவுக்கு நோவு எங்கே என்று படிவம் கேட்கிறது. அம்மாவின் நோவு நாரியில் தொடங்கிக் காலுக்குப் போய், அங்கிருந்து தம்பியின் கலியாணம் சரிவராத விசயத்துக்குப் போகும். பட்னாக்காரர் மூன்றையும் கேட்டுவிட்டு நாரிக்கு மருந்து எழுதுவார்.

போனில் டொக்டர் திருப்பி எடுப்பார் என்று சொன்னால் அம்மாவின் அந்த நாள் முழுக்க அதற்கே. இலக்கம் காட்டாத அழைப்பு; ஒருதரம் தவறினால் மீண்டும் நாளை எட்டு மணி. குளிக்கப் போகும்போது போனை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிச் சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். கோயிலுக்குப் போகமாட்டார், உள்ளே சிக்னல் இல்லை என்று. முந்தியும் காத்திருந்தோம், இப்போதும் காத்திருக்கிறோம். கணக்குப் பார்த்தால் இப்போது நேரம் குறைவாகக்கூட இருக்கலாம். முன்பு காத்திருந்தவருக்குத் தன் முன்னால் எத்தனை தலை என்பது தெரியும், எந்தத் தலைக்கு என்ன வருத்தம் என்பதும் தெரியும். வந்து இருந்தவரைப் பார்க்காமல் அனுப்ப மாட்டார்கள் என்பது எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரியும்.

நோர்வேயில் ஏறக்குறைய 45 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2022-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரே பொது வைத்தியரிடம் இருந்தவர்களுக்கு, புதிதாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆனவர்களை விட, இறக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவு. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போவதும் ஏறக்குறைய அதே அளவு குறைவு. இப்படி ஒரு பலன் தருகிற குளிசை இருந்தால் அதை விற்கிற கொம்பனி ஆகாயத்தில் பறக்கும். இங்கிலாந்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2015 முதல் ஒவ்வொரு நோயாளருக்கும் பொறுப்பான ஒரு டொக்டரின் பெயர் பதிவில் இருக்கவேண்டும் என்று திரும்பவும் கொண்டுவந்தார்கள். அம்மாவின் செயலியில் ஒரு பெயர் இருக்கிறது. நான் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஆர் இந்த மனுசன்?"

"உங்கட டொக்டர், அம்மா."

"நான் கண்டதே இல்லையே."

கேட்டுப் பார்த்தோம். அவர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவாராம். அடுத்த ஆறு செவ்வாயும் நிரம்பிவிட்டதாம்.

போன வருடம் பயிற்சி டொக்டராக ஒரு பிள்ளை வந்திருந்தாள். எங்கள் ஆட்களின் பிள்ளை, இங்கே பிறந்தது. தமிழ் கொஞ்சம் கொச்சை. முதல் தடவை அவளிடம் போனது தற்செயல். அடுத்த தடவைக்கு அம்மா ரிசெப்ஷனில் நின்று அந்தப் பிள்ளைதான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினார். மூன்றாம் தடவை அவளே சொல்லி எழுதிவைத்தாள். பத்து நிமிடம்தான் கொடுப்பார்கள். அம்மா உள்ளே போனால் இருபது ஆகும். வெளியே வரும்போது அம்மாவின் முகத்தில் ஒரு வெற்றி. நாரி நோவைப் பற்றி அவள் அதிகம் ஒன்றும் செய்யவில்லை, தம்பியின் விசயத்தை மட்டும் முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

ஓகஸ்டில் பயிற்சி டொக்டர்கள் இடம் மாறுவது வழமை. அவளும் மாறிப் போனாள், வோல்தம்ஸ்டோவில் ஒரு சேர்ஜரிக்கு. அம்மா உடனே என்னைக் கொண்டு அங்கே போன் எடுக்க வைத்தார். அவர்களுடைய எல்லைக்குள் எங்கள் தபால் குறியீடு வரவில்லை, பதிய ஏலாது என்றார்கள். நான் போனை வைத்துவிட்டு விசயத்தைச் சொன்னேன்.

"வோல்தம்ஸ்டோவுக்கு 58-ஆம் நம்பர் பஸ் போகுது தானே?" என்றார் அம்மா.

"போகுது."

"நான் பஸ்ஸில போறன். அந்தப் பிள்ளை அங்க இருக்கிறாள். பிறகு இவைக்கு என்ன இடைஞ்சல்? திரும்ப எடு பிள்ளை, நான் கதைக்கிறன்."